காருகுறிச்சிப் பானையும் நாலு ஹார்ட் டிஸ்க்கும்

எங்கள் வீட்டில் ஏசி இரண்டு. ஒன்று என் எடிட்டிங் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. இன்னொன்று என் மனைவி ஷம்ஸியா. சுவரில் இருப்பதற்கு ரிமோட் வேண்டும். இவளுக்கு என் முகம் தெரிந்தால் போதும், ஏசிவிடுவாள்.

நான் கனி. மேலப்பாளையத்தில் 'கனி வீடியோ' என்று கேட்டால் ஆட்டோக்காரர் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடுவார். பதினோரு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். பேட்டை, ஏர்வாடி, கடையநல்லூர் என்று இந்த வட்டாரத்தில் எந்த நிக்காஹில் யார் அழுதார், யார் இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்தார் என்பதைத் தேதியோடு சொல்லுவேன். எல்லாம் நாலு ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. நாலையும் ஓர் இரும்புப் பெட்டியில் அடுக்கி, வைஃபையில் கோத்துவிட்டிருக்கிறேன். பெட்டி எந்த அறையில் இருந்தாலும், வீட்டின் எந்த மூலையிலும் மடிக்கணினியைத் திறந்து கல்யாணம் பார்க்கலாம். டிஸ்க்கின் சூடு எத்தனை டிகிரி என்றும் அதுவே திரையில் காட்டும்.

டிஸ்க்கு என்பது ஓடிக்கொண்டே இருக்கிற சாமான். ஓடினால் சுடும். அதுவும் திருநெல்வேலி மே மாசத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் பெட்டியின் முதுகில் இரண்டு காத்தாடிகள். அவை சுற்றும்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள், எங்கள் தெருவில் விமானம் இறங்கப்போகிறது என்று நினைத்துப் புறாக்கள் எழுந்து பறந்துவிடும்.

ஷம்ஸியா கணக்கு எம்.எஸ்ஸி. தினமும் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை தம்மாம், ரியாத் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இடம், எங்கள் ஹால். மைக்கில் இரைச்சல் கேட்கும் என்று மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, ஒரு கையில் நோட்டால் விசிறிக்கொண்டு, மறு கையால் எக்ஸையும் ஒய்யையும் கண்டுபிடிப்பாள். அடுத்த அறையில் என் பெட்டி விமானம் ஓட்டும்.

ஒரு திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, தம்மாமுல ஒரு புள்ளையோட வாப்பா என்ன கேட்டாருன்னு தெரியுமா?"

"என்ன?"

"டீச்சர், உங்க வீட்டுப் பக்கத்துல மாவு மில்லு இருக்கோன்னு."

"இல்லைன்னு சொல்லவேண்டியதுதான?"

"இன்னொருத்தி எழுதிப் போட்டிருக்கா. புள்ளைக்குப் பின்னம் ஒண்ணும் புரியலையாம். பின்னால வார சத்தம்தான் கேக்காம். ரெண்டு பேரு வேற டீச்சரப் பாக்கப் போறாவ. இந்தப் பெட்டிய நிப்பாட்டுதியளா, இல்ல நான் வகுப்ப நிப்பாட்டட்டுமா?"

"நிப்பாட்டுனா சூடாயிரும், ஷம்ஸியா."

"சூடானா?"

"மவுத்து! செத்துப்போவும்! மவுஸ் போனா வேற மவுஸ். டிஸ்க்கு போனா மவுத்துதான். பதினோரு வருஷக் கல்யாணம் போயிரும்."

"நம்ம கல்யாணமும் அதுல இருக்கா?"

"இருக்கு."

ஒரு நிமிஷம் யோசித்தாள். அந்த யோசனை எனக்குப் பிடிக்கவில்லை.

"சரி, அப்போ ஒண்ணு செய்யலாம். ஏசி ரூமுல நான் வகுப்பு எடுக்கேன். நீங்க பெட்டியத் தூக்கிட்டு ஹாலுக்கு வந்திருங்க."

நான் பதறிப்போனேன். "ஏசி என்ன எனக்கா ஓடுது? டிஸ்க்குக்குல்லா ஓடுது! ஹாலுக்குக் கொண்டுவந்தா வெந்துபோவும்!"

இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மத்தியானம் சாப்பிட்டதும் நானும் டிஸ்க்கும் அந்த அறைக்குள் போய்விடுவோம். டிஸ்க்கு ஓடும். நான் ஓடமாட்டேன். மே மாசத்தில் கம்பளி போர்த்தித் தூங்குகிற ஒரே மேலப்பாளையத்துக்காரன் நான்தான். அந்தக் கம்பளியைக் காப்பாற்றுவதற்காக அன்றைக்கு ஒரு மாபெரும் சபதம் எடுத்தேன். காத்தாடி இல்லாமல், சத்தம் இல்லாமல், டிஸ்க்கைக் குளிரவைக்கும் ஒரு பெட்டியை என் கையாலேயே செய்வேன். ஷம்ஸியா ஹாலில் நிம்மதியாகப் பின்னம் நடத்தலாம். நான் உள்ளே நிம்மதியாகக் குறட்டை நடத்தலாம்.

மறுநாள் காலையிலேயே பாளையங்கோட்டைக்குப் போனேன். அங்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் எபனேசர் என் பள்ளிக்கூடக் கூட்டாளி. யாருடைய கம்ப்யூட்டரோ வயிற்றைத் திறந்துகொண்டு அவன் முன்னால் மல்லாந்து கிடந்தது.

"எபனேசர், காத்தாடி இல்லாமக் குளிர வைக்கணும்."

"டிஸ்க்கையா, வீட்டுக்காரியையா, வே?"

"ரெண்டையும்."

"மொதல்ல சொன்னதுக்கு வழி இருக்கு."

அவன் ஒரு பழைய டிஸ்க்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விளக்கினான். சத்தம் இரண்டு வகை. ஒன்று காத்தாடியின் இரைச்சல். இன்னொன்று டிஸ்க்கு அதிர, அது திருகியிருக்கிற இரும்பும் சேர்ந்து அதிர்வது. காத்தாடியைக் கழற்றிவிட வேண்டும். டிஸ்க்கை இரும்பில் திருகாமல் எலாஸ்டிக்கில் தொங்கவிட வேண்டும். அப்போது அது தொட்டில் பிள்ளை மாதிரி தன்பாட்டுக்கு ஆடும், யாரையும் எழுப்பாது. சூட்டுக்கு, இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு. தகட்டில் செம்புக் குழாய். குழாயில் தண்ணீர்.

"காப்பர்தான் வே காப்பாத்தும்," என்றான்.

"தண்ணி சுட்டுப்போச்சின்னா?"

"அதக் குளிர வைக்க என்னமாவது செய்யணும்."

அந்த இடத்தில்தான் என் மூளை பளிச்சென்று எரிந்தது. பானை! மண்பானை! குழாய்த் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு பானைக்குப் போகட்டும். பானை அதைக் குளிர வைத்துத் திருப்பி அனுப்பட்டும். தண்ணீரைச் சுற்றவிட மீன் தொட்டியில் போடும் சின்ன மோட்டார். அது மூழ்கிக் கிடந்தால் முனகக்கூட முனகாது.

எபனேசர் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நெசமாவே நீரா வே யோசிச்சீரு?"

அன்றைக்கே வண்டியை எடுத்தேன். சேரன்மகாதேவி வழியாகக் காருகுறிச்சி. வயலெல்லாம் பச்சைப் பசேல் என்று கிடந்ததாம், பிறகு சொன்னார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. என் கண்ணில் பானை மட்டும்தான். சூளைப் பக்கம் பானைகளை அடுக்கி வைத்திருந்த அம்மாள் கேட்டாள்:

"தண்ணி வைக்கவா, பொங்கல் வைக்கவா?"

"கல்யாணம் வைக்க," என்றேன்.

அந்த அம்மாள் பானையைக் கொஞ்சம் தள்ளி நின்றே கொடுத்தாள்.

திரும்பும்போது பானையைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து, வயிற்றோடு துண்டால் கட்டிக்கொண்டு வந்தேன். முக்கூடல் விலக்கில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, பானையைத் தட்டிப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்து, கடைசியில் என்னையும் எட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினார்.

அடுத்து எலாஸ்டிக். ஷம்ஸியாவின் தையல் டப்பாவில் கை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. என் டிராக் பேண்ட் இடுப்பிலிருந்தே உருவிக்கொண்டேன். விஞ்ஞானத்துக்கு யாராவது எதையாவது இழந்துதான் ஆகவேண்டும். தச்சரிடம் சொல்லி ஒரு பலகைப் பெட்டி. ஜன்னல் கதவு செய்கிற கடையில் அலுமினியத் தகடு. ஏசி மெக்கானிக்கிடம் மிச்சம் கிடந்த செம்புக் குழாய். எட்டு நாள் வேலை. இரண்டு விரலில் காயம். எபனேசர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே வந்து வயர்களைச் சரிபார்த்துக் கொடுத்தான். நாலு டிஸ்க்கும் அதனுடைய சின்ன போர்டும் பெட்டிக்குள் நாடாவில் தொங்கின. செம்புக் குழாய் தகடுகளுக்கு ஊடாக நெளிந்து வெளியே வந்து பானைக்குள் இறங்கியது. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று பானைக்கு இரண்டு தடவை வெள்ளிப் பெயிண்ட் அடித்தேன். ராக்கெட் மாதிரி மின்னியது.

ஏசி அறையிலேயே வைத்துச் சுவிட்சைப் போட்டேன்.

சத்தமே இல்லை! காதை வைத்தேன். என் காதுக்குள் என் இரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. குதித்தேன். டிராக் பேண்ட் என்னோடு குதிக்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் மத்தியானத்துக்குள் டிஸ்க்கு ஐம்பத்திரண்டு டிகிரிக்குப் போய்விட்டது. பானைத் தண்ணீரில் விரலை விட்டேன். வெதுவெதுவென்று, பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டலாம். சுவிட்சை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ஷம்ஸியா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஏசப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஏசவில்லை. பானையைச் சுற்றி வந்தாள். விரலால் தடவினாள்.

"பெயிண்ட் அடிச்சியளா?"

"அழகுக்கு."

"பானை எப்படிங்க குளிருது? வேர்த்துக் குளிருது. உள்ள இருக்குற தண்ணி பையக் கசிஞ்சு வெளிய வந்து ஆவியா போவணும். நீங்க வெள்ளி பூசி அதுக்கு மூச்ச அடைச்சிட்டியளே."

எனக்கு அவமானமாக இருந்தது. "விட்ரு, ஷம்ஸியா. பழைய காத்தாடியவே மாட்டுதேன்."

"என்ன இது, இவ்வளவு தூரம் வந்துட்டு? விடாதீங்க."

சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனவள், நாங்கள் குடிக்கிற தண்ணீர்ப் பானையைக் காலிசெய்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"இத வைங்க. மூணு வருஷம் பழகுன பானை, நல்லா வேர்க்கும். ஜன்னல் ஓரமா வச்சு, ஈரச் சாக்கச் சுத்திவிடுங்க. காத்து படணும்."

என் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என் முயற்சி எதற்கும் இவள் ஒரு தம்ளர்கூடத் தந்ததில்லை. இன்றைக்குப் பானையே தருகிறாள். நான் எவ்வளவு கொடுத்துவைத்தவன் என்று நினைத்தேன். எவ்வளவு மடையன் என்று நினைத்திருக்க வேண்டும்.

பானையை மாற்றினோம். சூடு மடமடவென்று இறங்கியது. நாற்பத்தைந்து. நாற்பது. முப்பத்தாறு!

"பாத்தியா!" என்று கத்தினேன்.

"பாத்தேன். ஆனா ஒரு சந்தேகம்."

"என்ன?"

"இங்கன ஏசியும் ஓடுது. குளிர வச்சது பானையா, ஏசியா? எப்படித் தெரியும்?"

"பானைதான்!"

"நான் நம்புதேன். எபனேசர் அண்ணன் நம்ப வேண்டாமா? ஊரு நம்ப வேண்டாமா? ஏசி இல்லாத எடத்துல வச்சுக் காட்டுனாத்தான அது உங்க பெருமை. ஹால்ல வைங்க. மூணு நாள் ஓடட்டும். எனக்கும் சத்தம் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிரும்."

எவ்வளவு நியாயம்! எவ்வளவு அக்கறை! பெட்டியை நானே தூக்கிக்கொண்டுபோய் ஹால் ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். பானையை மட்டும் அவள் தூக்கி வந்தாள், கவனமாக.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு சின்ன விழாவே எடுத்துவிட்டேன். எபனேசர் வந்திருந்தான். அடுத்த வீட்டு நஃபீஸத் லாத்தா சர்பத் தம்ளரோடு வந்து உட்கார்ந்தார். வெளியே நாற்பது டிகிரி வெயில். திரையில் டிஸ்க்கு முப்பத்தேழு. லாத்தாவைக் காது வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"ஒண்ணும் கேக்கலையே, தம்பி. ஓடுதா, நின்னுபோச்சா?"

"ஓடுது லாத்தா! அதுதான் விசேஷம்!"

"எம் புருசனுக்கும் இப்படி ஒண்ணு மாட்ட முடியுமா? தூங்கும்போது மட்டும்."

எல்லோரும் சிரித்தோம். நான் இரண்டு கையையும் தூக்கப்போய், சட்டென்று ஒன்றை இறக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

ஷம்ஸியா எழுந்தாள். வகுப்பில் கேள்வி கேட்கிற குரலில் கேட்டாள்.

"அப்போ டிஸ்க்குக்கு இனிமே ஏசி வேண்டாம்?"

"வேண்டவே வேண்டாம்!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? உகாண்டாவுல கொண்டுவச்சாலும் குளிரும்!"

"எபனேசர் அண்ணே, கேட்டியளா? லாத்தா, நீங்களும் கேட்டியதான?"

இருவரும் தலையாட்டினார்கள். எபனேசர் என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஓர் ஆட்டைக் கசாப்புக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது மற்ற ஆடுகள் பார்க்கும் பார்வை. எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

ஷம்ஸியா தன் மடிக்கணினியை எடுத்தாள். வெள்ளைப் பலகையை எடுத்தாள். மார்க்கர் டப்பாவை எடுத்தாள். நேரே ஏசி அறைக்குள் போனாள். சற்று நேரத்தில் என் தலையணை வெளியே வந்தது. அதன் பின்னால் கம்பளி.

"ஷம்ஸியா! என்ன செய்யுத?"

"டிஸ்க்குக்கு ஏசி வேண்டாம்னா அந்த ரூமு சும்மாதான கெடக்கு? ஏசி உங்களுக்கா ஓடுது?"

நான் எபனேசரைப் பார்த்தேன். அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"அண்ணன் சாட்சி," என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"ஆமாமா," என்றான் அவன், தெருவில் இறங்கிக்கொண்டே.

அன்றிலிருந்து ஹால்தான் என் உலகம். மின்விசிறி சுற்றும். மேலே கிடக்கிற அனலைப் பிடித்துக் கீழே என் மேல் போடும். மத்தியானத் தூக்கம் போயிற்று. அப்படியே கண்ணயர்ந்தாலும், யாரோ என்னை இட்லிச் சட்டியில் வைத்து மூடுவதுபோலக் கனவு வரும். உள்ளே ஷம்ஸியா துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாடம் நடத்துகிற சத்தம் கேட்கும். தம்மாமுக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்களாம். ரியாத்திலிருந்து புதிதாக நாலு பிள்ளைகளாம்.

நான்காம் நாள் ஒரு கொடிய முடிவுக்கு வந்தேன். என் கண்டுபிடிப்பு தோற்க வேண்டும்.

இதில் கொஞ்சம் மனசு உறுத்தியது. பேட்டை ரைஹானத் கல்யாணம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது, இன்னும் நகல் எடுக்கவில்லை. ஆனால் நான் என்ன, டிஸ்க்கைக் கொல்லவா போகிறேன்? லேசாகக் காய்ச்சல் வந்தால் போதும். ஐம்பது டிகிரி காட்டியதும், "ஐயோ ஷம்ஸியா, ஏசி!" என்று அலறிவிடலாம்.

அன்றைக்கே பானைக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். சாக்கையும் காயவிட்டேன். சாயங்காலம் பானை அடியில் மோட்டார் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சூடு நாற்பத்து நாலு. இன்னும் கொஞ்சம்தான். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

மறுநாள் காலை பள்ளிவாசல் வேலையாகக் கொஞ்சம் வெளியே போய்விட்டு பத்து மணிக்கு வந்து, ஆசையாகத் திரையைப் பார்த்தேன்.

முப்பத்தொன்று.

கண்ணைக் கசக்கினேன். பானையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மோட்டார் பிளக்கையும் பிடுங்கினேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் முப்பது. என் கம்பளியை எடுத்துப் பெட்டியைச் சுற்றி இறுக்கமாகப் போர்த்தினேன். இருபத்தொன்பது!

எபனேசருக்குப் போன் போட்டேன்.

"தண்ணி இல்ல, மோட்டார் இல்ல, மேல கம்பளி. இருபத்தொம்பது காட்டுது!"

அந்தப் பக்கம் சற்று நேரம் இருமல் சத்தம்.

"அப்படின்னா நீரு பெரிய ஆளு வே. யாருகிட்டயும் சொல்லிராதீரும்."

"எப்படி ஆவும்?"

"பெட்டிக்குக் குளிரு பழகிட்டு போல," என்றான். திரும்பவும் இருமல்.

நான் நம்பினேன். சிரிக்காதீர்கள், நம்பினேன். ஒரு பொருளை நாலு நாள் குளிரவைத்தால் அது குளிரைக் கற்றுக்கொள்கிறது. மேலப்பாளையத்தில், ஒரு கல்யாண வீடியோக்காரன் கையால், உலகம் இதுவரை பார்க்காத ஒன்று நடந்திருக்கிறது. ஏசி அறை போனால் போகட்டும்! கண்ணாடி முன்னால் நின்று, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பேட்டி கொடுத்துப் பழகினேன். "இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது, கனி?" "எல்லாம் அல்லாஹ்வின் கிருபை." "உங்கள் மனைவியின் பங்கு?" "ஒரு பானை."

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். சுவரில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. கிட்டப்போய்ப் பார்த்தேன். எறும்பு. ஜன்னலிலிருந்து வரிசையாக இறங்கி, பலகைப் பெட்டிவரை வந்து, கம்பளிக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

டிஸ்க்கில் எறும்புக்கு என்ன வேலை? கம்பளியை உருவினேன். மூடியைத் திறந்தேன்.

என் எலாஸ்டிக் நாடாவில், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே, நான் எட்டு நாள் ராப்பகலாகப் பாடுபட்டுச் செய்த தொட்டிலில், நாலு கருப்பட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

"ஷம்ஸியா!"

உள்ளே மைக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"எறும்பு வந்துட்டா? தொங்கப் போட்டா ஏறாதுன்னுல்லா நெனச்சேன். உம்மா உடன்குடியிலருந்து குடுத்துவிட்டது. அடுக்களை வெக்கையில கசியுது. அதான் இங்கன வச்சேன்."

"என் டிஸ்க்கு எங்க?"

"உள்ள. நீங்க காலையில வெளிய போனதும் எடுத்து வச்சேன். எப்படிக் கழத்தணும், எந்த வயர எங்க சொருவணும்னு எபனேசர் அண்ணன் போன்ல சொன்னாரு."

இருமல்! அந்த இருமல்!

"யாரக் கேட்டு எடுத்த?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். இந்தத் தடவை அது ஏசுகிற முகமில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"நேத்து பானை வத்திக் கெடந்துச்சு. மோட்டாரு வெறுங்காத்த இழுத்து கொரகொரன்னு கெடந்துச்சு. நீங்க பக்கத்துலயே உக்காந்து வெத்தலை போட்டுட்டு இருந்திய. தண்ணி ஊத்த மறந்திட்டியளா, இல்ல வேணும்னே ஊத்தலையா?"

நான் கருப்பட்டியைப் பார்த்தேன்.

"ரைஹானத் கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாளே ஜித்தா போயிட்டா. அவ உம்மா தெனமும் எனக்குப் போன் போடுதா. புள்ள மாலையோட நிக்கிறத ஒரு தடவ பாக்கணும்ங்கா. நேத்து வரைக்கும் அது இந்த டிஸ்க்க விட்டா வேற எங்கயும் இல்ல. நீங்க ஒரு மத்தியானத் தூக்கத்துக்காக அத அடுப்புல வச்சிய."

பதினோரு வருஷத்தில் எத்தனையோ உம்மாக்கள் தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டு என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பிள்ளை வீட்டைவிட்டு இறங்கும் இடம் வந்ததும் முறுக்கை மறந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

"தப்புதான்," என்றேன். "நெசமாவே தப்புதான், ஷம்ஸியா."

"நகல் எடுத்தாச்சு. அதையும் நானே எடுத்தேன். ராத்திரிக்குள்ள எடிட் பண்ணி அனுப்புங்க."

"சரி." அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. "டிஸ்க்கு உள்ள ஓடுதுல்லா? உன் வகுப்புக்குச் சத்தம் கேக்கலையா?"

"ஏசி ரூமுக்குக் காத்தாடி எதுக்கு? பெட்டிக்குள்ள அடைச்சாத்தான சுடும். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு நாலு வாங்குனேன். ஆளுக்கொரு ஸ்பாஞ்சுல உக்கார வச்சுட்டேன். அதிரவே இல்ல."

"ஸ்பாஞ்சா?"

"அஞ்சு நிமிசம் ஆச்சு."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா! பழைய காத்தாடிய நான் அன்னைக்கே கழத்தி வீசியிருப்பேனே! அந்த ரூமுல நான்..." என்று ஆரம்பித்தவன், அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டேன்.

"அதான் சொல்லல," என்றாள்.

மறுபடி உள்ளே போகத் திரும்பினாள். நான் குரலை இறக்கினேன். எடிட் செய்வதற்கு முன்னால் டிஸ்க்கை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும், எதற்கும் ஒரு தொழில்காரன் பார்ப்பது நல்லது, ஐந்தே ஐந்து நிமிஷம் என்றேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

வாசலில் நின்றேன். முகத்தில் அந்தக் குளிர் வந்து மோதியது. ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, மேசைமேல் மஞ்சள் ஸ்பாஞ்சுகளில் என் நாலு டிஸ்க்கும் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தன. மூச்சுச் சத்தம்கூட இல்லை. திரையில் கட்டம் கட்டமாக தம்மாம் பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன், ஒரு கையால்.

ஷம்ஸியா நாற்காலியில் உட்கார்ந்து, துப்பட்டாவைத் தோளோடு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"அப்போ வெளிய நின்னு கதவச் சாத்துங்க. குளிரு போவுது."